ஐம்பது எம்.எம்.முக்குள் ஒரு கை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, பிறகு கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டது. அதைத் தட்டி எழுப்பி, 'படத்தில் விழாதவருக்குச் சம்பளம் விழ வேண்டியதில்லை' என்ற மாபெரும் உண்மையை வழங்கிய பெருமை ஓர் அளவு நாடாத் தொழிற்சாலையின் அலுவலகத்தையே சேரும். இந்தச் சாதனையில் நெட்டையாரின் பங்கு சாமானியமானதல்ல. அவர்தான் விழாதவர்.

நெட்டையார் தபால் பிரிவு எழுத்தர். வெளியே போகும் பார்சல்களுக்கு முத்திரை குத்துவது அவர் வேலை. உயரம் காரணமாக, ஆண்டுதோறும் எடுக்கும் ஊழியர் குழுப் படத்தில் பின்வரிசையின் கடைசி இடம் அவருக்கே நிரந்தரம். படம் எடுப்பது பெரிய கூடத்தில். ஸ்டூடியோக்காரர் எதிர்ச்சுவரில் முதுகு ஒட்ட நின்று எடுப்பார். அந்தச் சுவரில் அகலமான ஸ்பிரிங் கதவு ஒன்று உண்டு. கதவுக்குப் பின்னால் மேலாளரின் ஓய்வறை, ஓய்வறையில் ஒரு சோபா, சோபாவில் மேலாளரின் மைத்துனர். மைத்துனருக்கு அந்த அலுவலகத்தில் எந்த வேலையும் கிடையாது. அதை அவர் ஒரு நாள்கூட லீவு போடாமல் செய்துவந்தார். அவர் தூக்கம் கெடும் என்பதால் அந்தக் கதவைப் பகலில் யாரும் திறப்பதில்லை.

இத்தனை காலமும் ஃபிலிம் கேமரா. அதில் ஐம்பது எம்.எம். லென்ஸ். முதல் ஆளின் காதிலிருந்து கடைசி ஆளின் காது வரை எல்லோரும் அடங்கினார்கள். இந்த ஆண்டு நிர்வாகம் 'நவீனமயம்' ஆனது. டிஜிட்டல் கேமரா வந்திறங்கியது. ஆனாலும் சிக்கனத்தைக் கைவிட முடியுமா? பழைய லென்ஸையே கழற்றிப் புதுக் கேமராவில் மாட்டினார்கள். அதே கூடம், அதே சுவர், அதே சிரிப்பு. படம் பெரிதாக்கப்பட்டு மேலாளரின் மேசைக்குப் போனது.

நடுவில் இருந்தவர்கள் செழிப்பாக இருந்தார்கள். ஓரத்தில் இருந்தவர்கள் இல்லை. ஒரு கோடியில் நின்ற தோட்டக்காரர் அடியோடு காணாமல் போயிருந்தார். அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறவர், ஆகவே அவர் அதைக் கொஞ்சம் முன்கூட்டியே நடந்ததாக எடுத்துக்கொண்டார். மறுகோடியில், தட்டச்சாளரின் தோள்மேல் நெட்டையாரின் வலது கை மட்டும் கிடந்தது.

மேலாளர் கணக்காளர் அம்மையாரை அழைத்தார்.

"லென்ஸ் அதேதானே?"

"அதே ஐம்பதுதான் சார்."

"ஹால்?"

"அதே ஹால் சார். நின்ன இடமும் அதேதான்."

"அப்ப எதும்மா மாறியிருக்கு?"

அம்மையார் யோசித்தார். "ஆளுங்க அதிகமாயிட்டாங்க சார்."

"புதுசா யாரையும் நாம எடுக்கலையே."

"எடுக்காமலே அதிகமாயிருக்காங்க சார். அதான் கவலையா இருக்கு."

உடனே 'மிகை ஊழியர் ஆய்வுக் குழு' பிறந்தது. மேலாளர் தலைவர், அம்மையார் உறுப்பினர். சுற்றிலும் அலமாரி அலமாரியாக அளவு நாடாக்கள் இருந்தன. அவற்றில் ஒன்றையும் தொடாமல் குழு தன் முடிவை எட்டியது. மேலாளர் நியாயம் தவறாதவர்.

"கை தெளிவா விழுந்திருக்கு. விழுந்த கையை வேலைய விட்டு அனுப்பினா அது பாவம்" என்றார்.

ஆணை அன்றே வந்தது. 'மேற்படி ஊழியரின் வலது கை தொடர்ந்து பணியில் நீடிக்கும். ஏனைய உறுப்புகள் உடனடியாக விடுவிக்கப்படுகின்றன. ஊதியம் இதற்கேற்பத் திருத்தப்படும்.'

"சார், கைய மட்டும் எப்படி சார் வேலைக்கு அனுப்புறது?" என்று கேட்டார் நெட்டையார்.

"கூட நீங்களும் வாங்க. யாரு வேணாம்னா? கேட்ல விசிட்டர்னு எழுதிட்டு வாங்க."

மறுநாளிலிருந்து காவலாளி கைக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு, மிச்சத்தைப் பார்த்து "யாரைப் பாக்கணும்?" என்று கேட்கத் தொடங்கினார். வாய் பணியில் இல்லாததால் கேன்டீன் டீ நின்றது. முதுகு பணியில் இல்லாததால் நாற்காலி போனது. நெட்டையார் நின்றபடியே முத்திரை குத்தினார். கால்களும் பணியில் இல்லைதான். அவை நிற்பதற்கு நிர்வாகம் ஆட்சேபிக்கவில்லை.

வீட்டில் இந்தப் பெருந்தன்மை சரியாகப் புரிந்துகொள்ளப்படவில்லை.

"கை சம்பளத்துல எதைங்க கட்டறது? வாடகையா, பசங்க ஃபீஸா?" என்றார் அவர் மனைவி. "எல்லாத்துக்கும் தலைய ஆட்டிட்டு வருவீங்களே, அந்தத் தலையத்தான் இப்ப வேணாம்னுட்டாங்க. போய்ப் படம் புடிச்சவரைக் கேளுங்க."

நெட்டையாருக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. மனைவி சொன்னபடியே ஸ்டூடியோவுக்குப் போனார்.

"லென்ஸ் மேல தப்பே இல்லைங்க" என்றார் ஸ்டூடியோக்காரர். "ஃபிலிம் பெரிய ஜன்னல். இந்த டிஜிட்டலுக்குள்ள படத்தை வாங்கற சென்ஸார் சின்ன ஜன்னல். சின்ன ஜன்னல் வழியா பாத்தா நடுவுல உள்ளது மட்டுந்தானே தெரியும்? அதனால இதுல ஐம்பது போட்டா, ஃபிலிம்ல எழுபத்தஞ்சு போட்ட மாதிரி. ஒண்ணரை மடங்கு. ஒண்ணு, முப்பத்தஞ்சு லென்ஸ் வாங்கணும். இல்ல, நான் நாலு எட்டு பின்னால போகணும்."

நெட்டையாருக்குப் போன உயிர் திரும்பியது. கையோடு அவரைக் குழுவின் முன் கொண்டுபோய் நிறுத்தினார். ஸ்டூடியோக்காரர் ஜன்னல் கதையை மறுபடி சொன்னார். மேலாளர் பொறுமையாகக் கேட்டார்.

"ஐம்பதுலயே அடங்காத ஜனம் முப்பத்தஞ்சுல எப்படிய்யா அடங்கும்?"

"நம்பர் குறையக் குறைய அகலமா தெரியும் சார்."

"சம்பளத்தைக் குறைச்சா வேலை அகலமாகுமா?" என்றார் மேலாளர். அது ஏற்கெனவே அங்கே நடைமுறையில் இருந்ததால் யாரும் பதில் சொல்லவில்லை.

அம்மையாரின் மனம் வேறொன்றில் நின்றது. "ஒண்ணரை மடங்குன்னா, நடுவுல நிக்கறவங்க ஒவ்வொருத்தரும் ஒண்ணரை ஆளா?"

"படத்துல அப்படித் தெரிவாங்க மேடம்."

"நாங்க படத்துலதானே பாக்கறோம்."

விஞ்ஞானம் இப்படித்தான் வளர்கிறது. படத்தில் முழுதாக விழுந்தவர்கள் எல்லோருக்கும் ஒன்றரை ஆள் வேலை கொடுக்கப்பட்டது. மேலாளர் மட்டும் அந்தச் சுமையைப் பிறர்மேல் ஏற்ற விரும்பாமல், தன் ஒன்றரையைச் சம்பளத்தில் ஏற்றுக்கொண்டார். ஒரே வாரத்தில் தட்டச்சாளர் விரல் வீங்கி உட்கார்ந்தார். நெட்டையாரின் கையைப் பார்த்து "பாவம்" என்று மட்டும் சொல்லிவந்தவர்கள், இப்போது மொத்தமாகத் திரண்டு போய்ப் படத்தை மறுபடி எடுக்கச் சொன்னார்கள்.

"எடுக்கலாம். பின்னால போக இடம் எங்க இருக்கு?" என்றார் மேலாளர்.

எல்லோர் கண்ணும் அந்தக் கதவுக்குப் போய்த் தரைக்குத் திரும்பியது. நெட்டையார் தொண்டையைச் செருமினார்.

"சார், அந்தக் கதவைத் திறந்தா நாலு எட்டு கிடைக்கும் சார்."

மேலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"திறந்துட்டாப் போச்சு. ஆனா ஒண்ணு, இந்தத் தடவை படத்துல இருக்கறவங்கதான் ஸ்டாஃப். அப்புறம் பேச்சு இருக்கக் கூடாது."

எல்லோரும் சம்மதித்தார்கள். கதவு திறந்தது. சோபா நகர்ந்தது. மைத்துனர் கண்ணைக் கசக்கியபடி எழுந்து கூடத்துக்கு வந்தார். ஸ்டூடியோக்காரர் அறைக்குள் நாலு எட்டு பின்வாங்கினார். கதவு தானாக அடித்து மூடிக்கொண்டது.

"யாராவது அதைப் பிடிங்கப்பா" என்றார் மேலாளர்.

யாரும் வரிசையைக் கலைக்கவில்லை. கதவைத் திறக்க யோசனை சொன்னவர் என்ற முறையில் நெட்டையாரே அறைக்குள் போய் அதை இழுத்துப் பிடித்தார். ஸ்டூடியோக்காரரின் தலைக்கு மேலே அவர் தலை தெரிந்தது.

"சார், நான் வர வேணாமா?"

"ஒரு நிமிஷம் பிடிங்க, கூப்பிடறேன்" என்ற மேலாளர், மைத்துனர் பக்கம் திரும்பினார். "சும்மா நிக்காதே. அதோ கடைசில ஒரு இடம் காலியா இருக்கு பாரு."

ஸ்டூடியோக்காரர் எல்லோரையும் சிரிக்கச் சொன்னார். பளிச்சென்றது.

அருமையான படம். காதிலிருந்து காது வரை ஒருவர்கூட வெட்டுப்படவில்லை. தோட்டக்காரர்கூடத் திரும்பி வந்திருந்தார். மறுநாள் ஆணை வந்தது. படத்தில் முழுமையாக விழுந்திருந்த மைத்துனர் தபால் பிரிவில் நியமிக்கப்பட்டார். எங்குமே காணப்படாத வலது கை, தன் உடலோடு போய்ச் சேர அனுமதிக்கப்பட்டது.

"சார், நான் அங்கதான் இருந்தேன். கதவைப் பிடிச்சிட்டு இருந்தேன்" என்றார் நெட்டையார்.

"இருந்திருக்கலாம்" என்றார் மேலாளர். "யாராவது பாத்தீங்களா?"

"நான் கேமராவைப் பாத்தேன்" என்றார் அம்மையார்.

"நானும் கேமராவைத்தான்" என்றார் தட்டச்சாளர், வீங்கிய விரல்களைப் பார்த்தபடி. மற்றவர்களும் அதையே சொன்னார்கள். அளவு நாடாக்காரர்கள் அல்லவா, வார்த்தை ஓர் அங்குலம் கூடவில்லை, குறையவில்லை.

அந்தப் படம் இன்றும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. பார்க்க வருகிறவர்கள், நிர்வாகம் ஒருவரையும் விட்டுவிடவில்லை என்று மெச்சிவிட்டுப் போகிறார்கள். அதில் உள்ள அத்தனை பேரும், மைத்துனர் உட்பட, எதிரே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவரை நேருக்கு நேர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.