தயிர் என்று நினைத்து ஊற்றியது

ஒரு நாயின் அன்புக்காகக் கட்டிய கணவரோடு போட்டி போட்டவள் நான். அதில்கூட வெட்கமில்லை, தோற்றுப்போனதைச் சொல்லத்தான் நாக்கு கூசுகிறது.

எங்கள் விஷ்ராந்த்வாடி வீட்டுக்கு மோத்யாவைக் குட்டியாகத் தூக்கி வந்தது நான். குளிப்பாட்டுவது நான். வேளாவேளைக்குத் தயிர்சாதம் பிசைந்து வைப்பதும் நான்தான். (எங்கள் வீட்டில் வளர்ந்தால் நாய்க்கும் தயிர்சாதம்தான்.) அவர் சாகணில் ஒரு கார் கம்பெனியில் வேலை முடிந்து சாயங்காலம் வந்து, "என்னடா மோத்யா" என்பார். அவ்வளவுதான். அதற்கே அது உருண்டு புரண்டு அவர் செருப்பை நக்கும். எனக்கு வயிறு எரியும். அவர்மேலா, நாய்மேலா என்று கேட்டால், இரண்டு பேர்மேலும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தயிர் தீர்ந்துவிட்டது. பிரிட்ஜில், சாலட்டில் ஊற்றிக்கொள்ள அவர் வாங்கிய டிரெஸ்ஸிங் பாட்டில் இருந்தது. வெள்ளையாக, கொழகொழவென்று, லேசான புளிப்போடு. தயிருக்கு வேறென்ன லட்சணம் வேண்டும்? தாராளமாக ஊற்றிப் பிசைந்து வைத்தேன். மோத்யா தட்டை வழித்து நக்கிவிட்டு, முதல்முறையாக என் மடியில் தலை வைத்துப் படுத்தது. அதுவும் அவர் எதிரிலேயே.

"அதுல என்ன போட்ட?" என்றார்.

"அதெல்லாம் கைப்பக்குவங்க."

அவர் காலி பாட்டிலைத் தேடி எடுத்துப் படித்தார். முகம் மாறியது. "வெங்காயத்தூள், பூண்டுத்தூள்னு போட்டிருக்கு. நாய்க்கு இது ஆகவே ஆகாதுடி. கெளம்பு."

ஆட்டோவில் நான் அழுத அழுகையில் மோத்யாவே பயந்துவிட்டது. மராத்திக்கார டாக்டரம்மா ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார். எடுத்தது என் புடவையில். (இதற்கு மட்டும் நான் வேண்டும்.)

"வினிகரும் எண்ணெயும் வயித்தோட போயிடும், தாயி. வெங்காயம், பூண்டு ரத்தத்தையே கெடுக்கும். பூனைக்கு இன்னும் மோசம்," என்று டாக்டரம்மா தன் மொழியில் திட்டிவிட்டு, ஒரு வாரம் ஈறு வெளுக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். "யார் வாயைத் தொறந்தா காட்டும்?"

நான் கையை நீட்டினேன். மோத்யா என் கணவர் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

ஈறு வெளுக்கவில்லை, பிழைத்துக்கொண்டது. ஆனால் அன்றிலிருந்து நான் தட்டு வைத்தால், அது முதலில் அவர் முகத்தைப் பார்க்கும். அவர் தலையாட்டிய பிறகுதான் வாய் வைக்கும். இதை அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாயிற்று.

போன தீபாவளிக்கு வந்திருந்த என் மாமியாருக்குப் புதிதாக ஒரு குழம்பு வைத்துப் பரிமாறினேன். சோற்றைப் பிசைந்தவர், சாப்பிடாமல் மகன் முகத்தைப் பார்த்தார்.

அவர் தலையாட்டினார்.