நான் வாயை மூடியதால் கவிழ்ந்த பகல் சாப்பாடு

சும்மா இருப்பது சுலபம் என்று சொல்கிறவனை என் முன்னால் கொண்டுவாருங்கள். ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்காமல் அவனை உட்காரவைத்துவிட்டு அப்புறம் பேசுவோம். நான் உட்கார்ந்து பார்த்தவன். அதற்குக் கிடைத்த பெயரை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. (அன்றைக்கு நாற்பது பேருக்கு வயிறு காய்ந்தது. அது வேறு விஷயம்.)

நான் மஹய்யாவப் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவன். வாரம் ஏழு நாளும் ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை மனைவி ரீட்டாவையும் மகள் ஷாலினியையும் பூசைக்கு இறக்கிவிட்டு, கோயில் வாசலிலிருந்தே அடுத்த ஆளை ஏற்ற ஹயருக்குப் பறந்துவிடுவேன்.

"கடவுளே ஏழாம் நாள் ஓய்வெடுத்தாருங்க" என்பாள் ரீட்டா.

"அவருக்கு யாரும் ஹயருக்குப் போன்ல கோல் எடுக்கலயே" என்பேன்.

ஒருநாள் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கிட்ட கண் அசந்து, நின்றுகொண்டிருந்த பஸ்ஸின் முதுகில் மெதுவாக ஒரு முத்தம் கொடுத்தேன். சின்னக் கீறல்தான். ரீட்டா சாவியைப் பிடுங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

"பிலிமத்தலாவைப் பக்கம் மௌனத் தியானம் நடக்குதாம். காலையில இருந்து நாலு மணி வரைக்கும் ஆண்டவர் முன்னுக்கு அமைதியா இருந்துட்டு வாங்க. அப்பதான் சாவி."

"ஒரு சொல்லு பேசிட்டா?"

"சாவிய மறந்துருங்க."

இது நியாயமா? என் வண்டி, என் சாவி, என் வாய்!

தியான வீட்டில் ஓர் இளம் சாமியார் வரவேற்றார். "பேச்சு மட்டுமில்ல, சத்தமே வேணாம். கதவைக்கூட மெதுவா சாத்துங்க. உள்ளுக்குள்ள ஆண்டவர் பேசுறது கேக்கணும்" என்றார். உட்கார்ந்தேன். எனக்குள்ளே ஆட்டோ எஞ்சின்தான் கேட்டது. பத்து மணிக்குத் தாடை வலித்தது. வந்த தும்மலைக்கூட விழுங்கினேன்.

பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தேன். பகல் சாப்பாடு ஏற்றிய வேன், குசினிப் படியை நோக்கிப் பின்னால் வந்துகொண்டிருந்தது. பின்கதவு திறந்தபடி. உருண்டுவந்த பின்சில்லுக்கு நேரே மூடாத வடிகான்.

வண்டி பின்னால் வந்தால் எங்கள் ஆள் எவனும் சும்மா நிற்கமாட்டான். "வரட்டும், வரட்டும், ஹோவ்!" என்று கத்துவான். இல்லாவிட்டால் வண்டியின் தகரப் பாடியில் இரண்டு தட்டுத் தட்டுவான். வண்டி நின்றுவிடும். நானும் கையை ஓங்கிவிட்டேன். அப்போதுதான் சாவி ஞாபகம் வந்தது. எங்கள் தொழிலில் அந்தத் தட்டும் பேச்சுத்தானே? அதனால் இரண்டு கையையும் ஆட்டினேன். பேய் பிடித்தவன் மாதிரி ஆட்டினேன். கண்ணாடியில் பார்த்த டிரைவர், நான் "வா வா" என்கிறேன் என நினைத்து வேகமாக வந்தான்.

சில்லு வடிகானில். சோற்றுச் சட்டி முற்றத்தில். பருப்பு என் காலில்.

மௌனத்தை முதலில் உடைத்தவர் யார் தெரியுமா? சாமியார்!

"அட மனுசா, ஒரு சத்தம் போட்டிருக்கலாமே!"

நான் விடவில்லை. துண்டுக் காகிதம் எடுத்து, எனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதி நீட்டினேன்: "நீங்கதான் சாமி வேணாம்னீங்க." வாசித்தார். காகிதத்தை மடித்தார். பிஸ்கட் தேடக் குசினிக்குள் போய்விட்டார்.

ஆளுக்கு நாலு பிஸ்கட்டும் பாலில்லாத பிளேன்டீயும் கிடைத்தன. நாற்பது பேரும் என்னையே பார்த்தபடி கடித்தார்கள். நான் சிற்றாலயத்துக்குள் போய் ஆண்டவரிடம் மனசுக்குள்ளேயே முறையிட்டேன். ரீட்டா, சாமியார், டிரைவர், பஸ் என்று ஒருவரையும் விடவில்லை. எல்லாம் கொட்டி முடிந்ததும் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. எஞ்சின் சத்தமும் நின்றிருந்தது. பொய் சொல்லமாட்டேன், அந்தக் கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் தூங்கிவிட்டேன். நாலு மணிக்குச் சாமியார் தோளில் தட்டியபோது, என் குறட்டைக்குப் பயந்து சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருந்த மூன்று வாங்கு காலியாக இருந்தது.

எனக்கு முன்பே செய்தி வீட்டுக்குப் போய்விட்டது.

"பேசினீங்களா?"

"ஒரு சொல்லுகூட இல்ல."

"குறட்டை விட்டீங்களாமே?"

"அம்மா, குறட்டை பேச்சு இல்ல, குடுத்துருங்க" என்றாள் ஷாலினி.

சாவி கிடைத்தது. ஆனால் சனி இரவானால் அது சுவரிலுள்ள ஆண்டவரின் திரு இருதயப் படத்துக்குப் பின்னால் போய்விடும். திங்கள் காலையில்தான் திரும்பி வரும். ஞாயிறு பூசை முடிந்தபிறகும் நான் கோயிலிலேயே உட்கார்ந்திருக்கிறேன். வேறெங்கே போக? (இப்போதெல்லாம் அவ்வளவாகத் தூங்குவதில்லை.)

அதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். நான் ஆட்டோவைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் தாயும் மகளும் இறங்கி நின்று, வாயைப் பொத்திக்கொண்டு கையை மட்டும் ஆட்டுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. போன வாரம்கூட மதிலில் முட்டினேன். ஏன் கத்தவில்லை என்று கேட்டால், தியானத்தில் இருந்தார்களாம்!