பன்னிரண்டு புலவர்களும் ஒரு காதுகுத்தும்

"எனக்குத் தெரியாது" என்று சொல்ல எனக்கு வராது. பார்ப்பது இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலை. கேட்ட கேள்விக்கு உடனே பதில் வராவிட்டால் எதிரில் இருப்பவர் பாலிசி எடுக்கமாட்டார். அந்தப் பழக்கத்தோடு நான் இலக்கியத்துக்குள்ளும் நுழைந்ததுதான் வினையாகப் போயிற்று.

புதுக்கோட்டையில் ஆண்டுதோறும் நடக்கும் இலக்கியத் திருவிழாவுக்கு ஒருமுறை சென்னையிலிருந்து பெரிய எழுத்தாளர் ஒருவர் வந்தார். அப்போது என் முதல் கவிதைத் தொகுப்பு அச்சுக்குத் தயாராக இருந்தது. (அச்சுப்போடத்தான் ஒருத்தரும் தயாராக இல்லை.) அவரிடம் ஓர் அணிந்துரை வாங்கிவிட்டால் பதிப்பாளர் தானாக வருவார் என்று கணக்குப் போட்டேன். அவரைக் காரில் சுற்றிக்காட்டும் பொறுப்பை விழாக்குழுவோடு சண்டை போட்டு வாங்கினேன். காரை இரண்டு தடவை கழுவினேன்.

காலையில் நார்த்தாமலை. மேலே விஜயாலய சோழீச்சரம் பார்த்துவிட்டு இறங்கி வந்தோம். அடிவாரப் பாறையில் இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு குழிகள். அவர் குனிந்து ஒன்றில் விரலை விட்டுப் பார்த்தார்.

"இது என்ன தம்பி?"

எனக்குத் தெரியாது. ஆனால் வாய் திறந்துவிட்டது.

"மைக்குழிங்க ஐயா. ஓலைல எழுதுன பெறகு எழுத்துத் தெரிய மை பூசுவாங்கல்ல, அதக் கரைச்ச குழி. பன்னெண்டு குழி, பன்னெண்டு புலவருங்க."

"எல்லாரும் ஒண்ணா உக்காந்தா?"

"எதிரெதிராங்க ஐயா. இங்கிட்டு ஆறு பேரு பாடுனா, அங்கிட்டு ஆறு பேரு பதில் பாடுவாங்க."

"நான் எங்கயும் படிச்சதில்லையே."

"யாரும் இன்னும் எழுதலைங்க ஐயா." (அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மை.)

பன்னிரண்டு குழிகளையும் அவர் தனித்தனியாகப் படம் எடுத்தார். காரில் ஏறியதும், "உங்க கவிதைகளைக் குடுங்க, படிச்சிட்டு எழுதித் தரேன்" என்றார். சந்தோஷத்தில் எனக்கு ஸ்டியரிங் நழுவியது.

சாயங்காலம் பந்தல் கொள்ளாத கூட்டம். அவர் தயாரித்து வந்த கட்டுரையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "காலைல ஒரு அதிசயம் பார்த்தேன்" என்று ஆரம்பித்தார். பன்னிரண்டு புலவர்களும் மேடைக்கு வந்துவிட்டார்கள். அதில் ஒருவருக்குக் கண் பார்வை மங்கல் என்று எழுத்தாளர் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார். கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன், அது என் புளுகு என்பதே மறந்துபோய் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, "இதைக் காட்டினவர் இவர்தான்" என்றார்.

"இத எப்பப் படிச்சீங்க?" என்று பக்கத்திலிருந்த என் மனைவி மெதுவாகக் கேட்டாள். நான் வணக்கம் சொல்வதில் மும்முரமாக இருந்தேன்.

கேள்வி நேரம் வந்தது. விழாவுக்குப் பந்தல் போட்ட செல்லையா அண்ணன் ஓரத்திலிருந்து கையைத் தூக்கினார். யாரோ அவரிடம் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள்.

"ஐயா, அந்தக் குழி புளியமரத்துக்கு அங்கிட்டு இருக்கதுங்களா?"

"ஆமாங்க."

"அது போன வைகாசியில ஒரு காதுகுத்துக்கு நாந்தாங்க மிசின் வச்சுத் தொளைச்சேன். பாறைல பந்தக்கால் ஊன வேற வழியில்ல." பிறகு என்னைப் பார்த்து, மிகுந்த பிரியத்தோடு, "சாருகூட வந்திருந்தாரே. பாயாசம் ரெண்டு தடவ கேட்டு வாங்குனாரு" என்றார்.

வாஸ்தவம். அந்தப் பந்தலுக்கு அடியில்தான் சாப்பிட்டிருக்கிறேன். இலையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

பந்தலே குலுங்கியது. அணிந்துரை போயே போய்விட்டது என்று முடிவு கட்டினேன். எழுத்தாளர்தான் எல்லோரையும்விட அதிகமாக, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கிளம்பும்போது கவிதைக் கட்டை வாங்கிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்துத் தபாலில் அணிந்துரை வந்தது. "இவருடைய பொய்யை நம்பி ஊர் முன்னால் உருகிப் பேசியவன் நான். இவ்வளவு நல்ல பொய் சொல்கிறவர் கவிதை எழுதுவதுதான் எல்லோருக்கும் நல்லது" என்று ஆரம்பித்திருந்தார். புத்தகம் வந்துவிட்டது. வாங்கியவர்கள் எல்லோரும் அணிந்துரையை மட்டும் பாராட்டுகிறார்கள்.

போன மாதம் ஆலங்குடியில் மச்சினன் வீட்டுப் புதுமனை புகுவிழா. பந்தல் போட வாசலில் குழி தோண்டியிருந்தார்கள். என் மனைவி நின்று நிதானமாக எண்ணிப் பார்த்துவிட்டு, சமையல்காரரைக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"அண்ணே, நாலு புலவருக்குச் சேத்து எலை போடுங்க."