மூன்று மாத இன்ஜினியர்

நம் ஊரில் கொசுவுக்கு அடுத்தபடியாக வேகமாகப் பெருகிவரும் இனம் ஒன்று உண்டு. அதன் பெயர் மூன்று மாத இன்ஜினியர். படிப்பை முழுசாக முடித்த இன்ஜினியரால் யாருக்கும் தொந்தரவில்லை. அவர் பாட்டுக்கு வேலை தேடிக்கொண்டு அடக்கமாக இருப்பார். இது வேறு.

பழனிசெட்டிபட்டி அஜய்குமாரைப் பாருங்கள். தேனியில் ஒரு சமுதாயக் கல்லூரியில் கட்டுமானத் தொழில்நுட்பம் படிக்கச் சேர்ந்து தொண்ணூறு நாள்தான் ஆகிறது. அன்றிலிருந்து எந்த வீட்டிலும் அவன் மனிதர்களைப் பார்த்ததில்லை. வாசலிலேயே நின்று தூணைத் தட்டுவான், காதை வைத்துக் கேட்பான், உதட்டைப் பிதுக்குவான், "லோடு எங்க எறங்குது?" என்று சுவரையே விசாரிப்பான். துக்கம் கேட்கப் போன வீட்டில் எல்லாரும் அழுதுகொண்டிருக்க, இவன் மட்டும் அண்ணாந்து பார்த்து, "தளம் காயுமுன்ன சென்ட்ரிங் பலகைய அவசரப்பட்டுப் பிரிச்சிருக்காக" என்றான். இறந்தவர் கட்டிய வீடு. பாவம், எழுந்து பதில் சொல்லவா முடியும்?

அக்கா யுவராணிக்குக் கெங்குவார்பட்டியில் ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை; அவ்வளவு பிடித்துவிட்டது. அதே போட்டோவில் தம்பி பார்த்தது பின்னால் இருந்த சன்னலை. மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்பும்போது அம்மா ராமுத்தாய் எச்சரித்தாள்.

"ஏலே, அங்கன போயி செவுத்தத் தட்டுன, நான் ஒன்னையத் தட்டிப்புடுவேன்."

தட்டவில்லை. சொல் பேச்சுக் கேட்கிற பிள்ளை. பையிலிருந்து டியூப் லெவலை எடுத்தான். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாய்தான். ஆளுக்கொரு முனையைப் பிடித்தால் மட்டம் தெரிந்துவிடும். வெள்ளைச் சட்டை போட்டிருந்த ஒருவரைக் கூப்பிட்டு ஒரு முனையைக் கொடுத்து, "அசையாமப் பிடிங்க" என்று அதட்டினான். டேப்பால் அளந்தான்.

"தரை இந்தப் பக்கம் ரெண்டு இஞ்சு எறங்கியிருக்கு."

தாம்பூலத் தட்டு பாதி வழியில் நின்றது. மாப்பிள்ளையின் அப்பா சுந்தரலிங்கம் கொத்தனார். தன் கையாலேயே கட்டிய வீடு அது. "வீடு சரியில்லையின்னா சம்பந்தமும் வேணாம்" என்று விருட்டென்று எழுந்துவிட்டார்.

அவர் மனைவி பாண்டீஸ்வரி இருபது வருசம் சித்தாள் வேலை பார்த்தவள். வந்தாள், குழாயை விரலால் இரண்டு சுண்டு சுண்டினாள். நடுவில் அடைத்துக்கொண்டிருந்த காற்றுக் குமிழி வெளியேறியது. மறுபடி அளந்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு.

"குழாயில காத்த வச்சுக்கிட்டு எங்க வீட்டக் கொற சொல்றியே தம்பி? பொண்ணு குடுக்குறீகளா, இல்ல இன்னும் அளக்கணுமா?"

ராமுத்தாய் அவசர அவசரமாகத் தட்டை மாற்றிக்கொண்டாள்.

வீடு திரும்பியதும் யுவராணி வாசலிலேயே தம்பி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாப்பிள்ள எப்பிடிடா இருந்தாக?"

அஜய்குமார் திருதிருவென்று விழித்தான். "மாப்பிள்ளையா? அவுக எங்கன இருந்தாக?"

"குழாயோட மறு முனையப் பிடிச்சது வேற யாருலே!" என்று ராமுத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். போன மாதம் போன கல்யாணத்தில் சாம்பாரில் பருப்பு பத்தவில்லை, மண்டபத்தில் காற்று வரவில்லை, வண்டி நிறுத்த இடமில்லை என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தீர்களே, அந்த மணப்பெண்ணின் பெயர் என்ன?