ஆறு சென்டிமீட்டர் வெற்றி

இன்று முதல் என் வயிறு என் பேச்சைத்தான் கேட்கும் என்று ஏப்ரல் பதினேழாம் தேதி காலை நான் சபதம் எடுத்தேன். வயிறு அப்போதே ஏதோ முணுமுணுத்தது. பொருட்படுத்தவில்லை.

பெர்கன் துறைமுக அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷமாக எந்தக் கப்பல் எங்கே நிற்க வேண்டும் என்று இடம் ஒதுக்குகிறவன் நான். என் அனுமதி இல்லாமல் இங்கே ஒரு படகுகூட நிற்க முடியாது. அப்படிப்பட்டவன் மடியிலேயே, என்னைக் கேட்காமல் ஒரு தொப்பை வந்து நங்கூரம் போட்டுவிட்டது.

மே பதினேழு எங்கள் தேசிய நாள். அன்றைக்கு ஊரே மரபு உடையில் ஊர்வலம் போகும். இந்த வருஷம் எங்கள் பாடகர் குழுவின் கொடியைத் தூக்கி முன்னால் நடக்கப் போகிறவன் நான். அதனால் என் மனைவி மார்கிட் ஒரு மாதம் முன்பே உடையை எடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். கால்சட்டை எப்படியோ ஏறிவிட்டது. மேல் உடுப்பின் வெள்ளிப் பொத்தான்கள்தான் தங்கள் துளைகளைத் தூரத்திலிருந்து ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தன.

"மூச்ச உள்ள இழு," என்றாள் மார்கிட்.

"இழுத்துட்டேன்."

"எப்போ?"

"நீ சொல்றதுக்கு முன்னாடியே."

அவள் ஒரு அடி பின்னால் போய் நின்று பார்த்தாள். "தையல்காரி போர்கில்கிட்ட குடுத்துப் பிரிச்சுத் தைச்சுக்கலாம். அம்பத்தாறு வயசு ஆம்பளைக்கு வர்றதுதானே."

"வயசுக்கும் வயித்துக்கும் சம்பந்தமே கிடையாது!"

"இருக்கே. ரெண்டும் ஏறினா இறங்க மாட்டேங்குதே."

மார்கிட் சுகாதார நிலையத்தில் நர்ஸ். என்னுடையதைப் போல் ஒரு நாளைக்குப் பத்து வயிற்றைப் பார்க்கிறவள். "வயசாக ஆகத் தசை குறையும். உனக்குச் சாப்பாடு மட்டும் குறையல. மிச்சம் எங்க போகும்? முன்னாடி வந்து உக்காந்துக்குது. தடுக்கலாம் ஆர்விட். ஆனா உக்காந்துகிட்டே தடுக்க முடியாது."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஊசி நூல் படாம, மே பதினேழாம் தேதி இதே உடுப்பைப் போட்டுக் காட்டறேன். தினமும் மலை ஏறப் போறேன்."

"போட முடியலன்னா?"

"நீ சொல்றதைக் கேக்கறேன்."

"அப்போ வியாழக்கிழமை நடன வகுப்புக்கு என்கூட வரணும். பதினோரு வருஷமா ஜோடி இல்லாம நாற்காலியைப் பிடிச்சுகிட்டு ஆடறேன்."

"போட்டுட்டேன்னா?"

"நடனம்ங்கற வார்த்தையே இந்த வீட்டுல வராது."

கை குலுக்கிக்கொண்டோம்.

மறுநாள் சாயங்காலம் உண்மையாகவே ஏறினேன். வீட்டுக்குப் பின்னாலேயே மலை. கால் மணி நேரத்தில் என் மூச்சு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் என்னைத் தாண்டிப் போனாள். வண்டிக்குள் இரட்டைக் குழந்தைகள்.

அடுத்த நாள் பக்கத்து வீட்டு ஒட்வார் பிடித்துக்கொண்டான். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். கார் கொட்டகையில் வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தான்.

"எங்க இவ்வளவு அவசரமா?"

"மலைக்கு."

"மலை எங்கயும் ஓடிடாது. இது ஆறிடும். உள்ள வா."

போனேன். வாஃபிள் மேல் பழுப்புச் சீஸ், அதன் மேல் ஸ்ட்ராபெர்ரி ஜாம். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் நான் மலையேறியது அந்தக் கொட்டகையில்தான்.

ஒரு சிக்கல். பெர்கனில் மழை பெய்யாத நாள் குறைவு. நாலாம் நாள் வாசலிலேயே மார்கிட் கேட்டாள்: "வெளிய கொட்டுது. நீ மட்டும் எப்படி காஞ்சு வர்ற?"

"மரத்தடியாவே நடந்தேன்."

மறுநாளிலிருந்து ஒட்வார் தோட்டத்துக் குழாயைத் திறந்து, என்னைத் தலை முதல் கால் வரை நனைத்தே வீட்டுக்கு அனுப்பினான். தப்பித்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும், வானம் பளிச்சென்று இருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

"இன்னிக்கு மழையே இல்லையே?" என்றாள்.

"வியர்வை."

"பூட்ஸுக்குள்ளயுமா?"

"நல்ல ஏத்தம்."

அவள் துண்டைக் கொடுத்தாள்.

மே பத்தாம் தேதி ரகசியமாக உடுப்பைப் போட்டுப் பார்த்தேன். பொத்தானும் துளையும் முன்னைவிடப் பிரிந்துவிட்டிருந்தன. மார்கிட் வேலைக்குப் போன நேரம் பார்த்து உடுப்பைச் சுருட்டிக்கொண்டு போர்கில் வீட்டுக்கு ஓடினேன்.

"எவ்வளவு பிரிக்கணும்?" என்றாள் போர்கில்.

"ஆறு சென்டிமீட்டர். வெளிய தெரியக் கூடாது. யார்கிட்டயும் சொல்லவும் கூடாது."

"நான் தைக்கறவ. துணியையும் தைப்பேன், வாயையும் தைச்சுக்குவேன்."

மே பதினேழு காலை. பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் துளையில் போய் உட்கார்ந்தன. மார்கிட் என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். "ஜெயிச்சுட்ட ஆர்விட். உன்ன நான் தப்பா நினைச்சுட்டேன்." நெஞ்சில் லேசாகக் குத்தியது. ஆனால் கொடியைத் தூக்கியதும் மறந்துவிட்டது. மழையில் நனைந்துகொண்டே ராஜா மாதிரி நடந்தேன்.

ஊர்வலம் முடிந்து பள்ளி மைதானத்தில் எல்லோரும் சாசேஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மார்கிட் பாடகர் குழு முன்னால் என் தோளில் கை போட்டாள்.

"ஒரே மாசத்துல இப்படி மலை ஏறி இளைச்ச ஆளைப் பாத்திருக்கீங்களா? அடுத்த ஞாயித்துக்கிழமை ஏழு மலை நடைக்கு இவருக்குச் சீட்டு எடுத்து வெச்சிருக்கேன்!"

ஏழு மலை. ஒரே நாள். முப்பத்தைந்து கிலோமீட்டர். குழு முழுவதும் மூன்று முறை "ஹுர்ரே" போட்டது. பாதி கடித்த சாசேஜைத் தட்டில் திருப்பி வைத்தேன். மார்கிட் என் சட்டைப் பையில் நம்பர் அச்சடித்த சீட்டை மடித்துச் செருகினாள்.

ஒரு வாரம் தாக்குப்பிடித்தேன். முழங்கால் வலிக்கிறது என்றேன், தைலம் தேய்த்துவிட்டாள். பூட்ஸ் கிழிந்துவிட்டது என்றேன். புது பூட்ஸ் வந்தது. சனிக்கிழமை காலை காப்பி மேசையில் சரணடைந்தேன்.

"மார்கிட், உடுப்பைப் பிரிச்சுத் தைச்சேன். ஆறு சென்டிமீட்டர்."

"மலை?"

"ஒட்வார் கொட்டகை வரைக்கும்."

"அந்த ஈரம்?"

"குழாய்த் தண்ணி."

கோப்பை பறக்கும் என்று குனிந்தேன். அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"சொல்லிட்டியே, போதும். அந்தச் சீட்டைத் தூக்கிப் போடு. அது போன வருஷம் நான் நடந்தப்போ குடுத்தது. வருஷம் போட்டிருக்கே, நீ பாக்கவே இல்லையா?"

மடிப்பைப் பிரிக்கவே எனக்குத் தைரியம் வந்திருக்கவில்லை. இப்போது பிரித்துப் பார்த்தேன். போட்டிருந்தது.

"சரி, தோத்துட்டேன்," என்றேன், மிச்சமிருந்த மரியாதையைப் பொறுக்கிக்கொண்டு. "வியாழக்கிழமை வரேன். ஆனா நடன வகுப்புல கடைசி நேரத்துல பேர் சேத்துக்குவாங்களா?"

மார்கிட் எனக்கு இன்னொரு கோப்பை காப்பி ஊற்றினாள்.

"அதைப் பத்திக் கவலப்படாத. ஏப்ரல் பதினெட்டாம் தேதியே நம்ம ரெண்டு பேருக்கும் பேர் குடுத்துட்டேன்."