சில்லு வைத்த சிவப்புப் பெட்டி

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்துக் கூட்டி வாசித்தவள் நான். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. (இன்னும் கொஞ்சம் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.) அம்மா மருந்துச் சீட்டை என்னிடம்தான் நீட்டுவார். அயலவர்கள் நிவாரண அட்டையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கல்லடியில் எங்கள் ஒழுங்கைக்குள் நுழைந்த எந்தக் காகிதமும் என் கண்ணில் படாமல் தப்பியதில்லை. உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருந்த அந்த வருடம், உலகத்தில் உள்ளதெல்லாம் ஏதோவொரு புத்தகத்தில் எழுதியிருக்கும், அதை வாசித்தால் போதும் என்று மனமார நம்பியிருந்தேன்.

அப்பா பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். தோணி இஞ்சின், தண்ணீர்ப் பம்பு, வயல்காரர்களின் லாண்ட்மாஸ்டர் உழவு வண்டி எல்லாவற்றையும் முற்றத்துக் கொட்டிலில் வைத்துத் திருத்துவார். இஞ்சின்களுக்குப் பயப்படாத அவருக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. சண்டையில் முதல் தடவை ஊரை விட்டு ஓடியபோது ஸ்பானர்களைச் சாக்கில் கட்டி மணலில் புதைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்து கிணறு வெட்டுகிற ஆழத்துக்குக் கிண்டினோம், சாக்கு இல்லை. இரண்டாம் தடவை சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். சாக்கு கிழிந்து, வழியெல்லாம் சாமான் சிந்தி, அகதி முகாமுக்கு வந்து சேர்ந்தது ஒரு சுத்தியலும் இரண்டு ஸ்பானரும். அதற்குப் பிறகு ஆறு மாதம் கூலி வேலைக்குப் போனார்.

"இன்னொருக்கா என்ட சாமான் போச்செண்டா நான் மறுகா எழும்ப மாட்டன்" என்று அவர் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

சண்டை கொஞ்சம் ஓய்ந்த ஓர் இடைவெளியில், டவுனில் ஒரு கடைக்கு, ஸ்பானர் சுத்தியல் வைக்கிற வெளிநாட்டுச் சாமான் பெட்டிகள் வந்திருப்பதாகக் கதை வந்தது. அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீயும் வா மகள். எழுத்து ஏதும் கிடந்தா வாசிக்க வேணுமே."

கடை முதலாளி காத்தான்குடிக்காரர். அவர் காட்டிய முதல் பெட்டி பச்சை நிறத் தகரம். இரு பக்கமும் கைபிடி, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடலாம். அப்பாவின் கை உடனே அதன் பூட்டைத் தடவியது. அந்த நேரம்தான் நான் மூலையில் நின்ற மற்றதைப் பார்த்தேன்.

என் இடுப்பளவு உயரம். இரத்தச் சிவப்பு. லாச்சி என்று நாங்கள் சொல்லும் இழுப்பறை எட்டு, கீழே உருள நாலு சில்லு. முதலாளி ஒரு விரலால் லாச்சியை இழுத்தார். சத்தமே இல்லாமல் வந்தது. விட்டார், தானாகவே போய்ப் படுத்துக்கொண்டது. எங்கள் வீட்டில் கதவைத் திறந்தாலே பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். கோயிலில் திரை விலகும்போது நிற்பது போல வாய் திறந்து நின்றேன்.

"தங்கச்சி, இதுக்கு ஒரு புத்தகமும் இரிக்கி" என்றார் முதலாளி.

அவ்வளவுதான், என் கதை முடிந்தது. இங்கிலீசுப் புத்தகம், இருபது பக்கம். கடைக்குள் நின்று உரத்து வாசித்து, உடனுக்குடன் தமிழும் சொன்னேன். ஒரு லாச்சி திறந்தால் மற்றது திறக்காதாம், பெட்டி கவிழாமல் இருப்பதற்கு. சில்லுக்குப் பிரேக்கும் உண்டாம். கடைக்கு ஆணி வாங்க வந்த மூன்று பேர் ஆணியை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, ஓடக்குள்ள இதைத் தள்ளிக்கொண்டே ஓடலாம்!"

அப்பா குனிந்து ஒரு சில்லை விரலால் சுற்றிப் பார்த்தார். பிறகு மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்.

"மகள், இது மண்ணுல போகுமா?"

"நானூறு கிலோ தாங்கும் எண்டு எழுதிக்கிடக்கு அப்பா."

(கேள்விக்கும் பதிலுக்கும் உள்ள தூரத்தை வாசகர்கள் கவனிக்கவும். நான் கவனிக்கவில்லை.) அப்பா பச்சைப் பெட்டியை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, படித்த பிள்ளை சொல்லிவிட்டது என்ற முகத்தோடு மடியை அவிழ்த்தார்.

லாண்ட்மாஸ்டர் பிடித்து ஏற்றுவோம் என்றார் முதலாளி. சில்லு இருக்கும்போது லாண்ட்மாஸ்டர் எதற்கு என்றேன் நான். தார் றோட்டில் அது போன போக்கு! ஒரு கையால் தள்ளினேன். கல்லடிப் பாலத்தில் சைக்கிள்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கீழே வாவி மின்ன, சிவப்புப் பெட்டி உருள, பின்னால் அப்பா நடக்க, நான் தேர் இழுத்துக்கொண்டு போனேன்.

பாலம் முடிந்து றோட்டு இறங்குகிற இடத்தில் சோதனைச் சாவடி. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. பெட்டியை ஓரமாக நிறுத்திப் பிரேக்கை மிதித்தேன். எனக்குப் பின்னால் எங்கள் ஒழுங்கை மீன்கூடைக்கார அக்கா.

"என்னகா இது, ஐஸ் பெட்டியா?"

"இல்ல அக்கா, சாமான் பெட்டி. சில்லுக்குப் பிரேக் எல்லாம் இரிக்கி. இஞ்ச பாருங்க" என்று அவருக்காக இன்னொரு தடவை மிதித்துக் காட்டினேன்.

ஒரு மிதிக்குப் பூட்டும், மறு மிதிக்கு விட்டுவிடும். இதையும் நான்தான் கடையில் மொழிபெயர்த்தேன்.

பெட்டி யோசித்தது போல ஒரு கணம் நின்றது. பிறகு புறப்பட்டது. ஆளில்லாத சிவப்பு இரும்புப் பெட்டியொன்று மண்மூட்டைகளை நோக்கித் தானாக உருண்டு வந்தால் அந்த நாட்களில் என்ன செய்வார்கள் என்று எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. வரிசை முழுவதும் குப்புறப் படுத்தது. ஆமிக்காரர்களும் படுத்தார்கள். அக்காவின் இறால் என் தலையில் கொட்டியது. பெட்டி எல்லாரையும் கடந்து, ஊர்வலம் போல நிதானமாகப் போய், மண்மூட்டையில் 'டொக்' என்று முட்டி நின்றது.

வெடிக்கவில்லை. ஆமிக்காரர்களின் துவக்குகள் எங்களைக் குறிபார்த்து எழுந்தன.

"ஆர்ட பெட்டி?" என்று கத்தினார் சாவடி அதிகாரி.

என்னுடையது என்று நான் சொல்லவில்லை. தாரில் முகத்தைப் புதைத்துக் கிடந்தேன். எத்தனை வருடம் ஆனாலும் இதை எழுதும்போது காது சுடுகிறது. ஆண்கள் பக்கமிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"என்ட பெட்டி ஐயா."

அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தனியாக நடந்து போனதைப் பார்த்துத்தான் நானும் எழும்பினேன். என் இங்கிலீசு அவரைக் காப்பாற்றும் என்று அதிகாரியின் முன்னால் போய் நின்றேன். வாயில் வந்தது முதலாம் பாடம்: என் பெயரையும் ஊரையும் சொன்னேன். தலையில் ஓர் இறால் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

"எல்லா லாச்சியும் திற. ஒரே தரம்" என்றார் அதிகாரி.

ஒரே தரம் திறக்காது. அதுதானே அதன் பெருமை! ஒன்று திறந்தது, மற்றது அடம்பிடித்தது. அதிகாரியின் முகம் மாறியது. புத்தகத்தைப் புரட்டினேன், இறால் ஈரத்தில் பக்கங்கள் ஒட்டிக்கொண்டன.

அப்பா முழந்தாளிட்டார். திறந்த லாச்சியின் இரு பக்கமும், மீனின் செதிள் தடவுவது போல விரல்களை ஓடவிட்டார். எங்கோ நின்றன. எதையோ அழுத்தினார். முழு லாச்சியும் கழன்று அவருடைய கையில் வந்தது. றோட்டில் வைத்தார். அடுத்ததை இழுத்துக் கழற்றினார். அதற்கடுத்ததை. எட்டு லாச்சியும் தாரில் வரிசையாக வெயில் காய்ந்தன. பெட்டி வெறும் கூடாக நின்றது; உள்ளே ஒன்றும் இல்லை.

அதிகாரி ஒரு லாச்சியை எடுத்துத் தானே மாட்டினார். தள்ளினார். சத்தமில்லாமல் போனது. இன்னொரு தடவை இழுத்தார். அவருடைய வாயும் கடையில் என் வாய் திறந்த அளவுக்குத் திறந்திருந்தது. பிறகு மற்ற ஆமிக்காரர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து இழுத்துப் பார்த்தார்கள். (லாச்சி கழற்றும் முறை புத்தகத்தின் பத்தொன்பதாம் பக்கத்தில் படத்தோடு இருந்தது. அன்று பின்னேரம்தான் கண்டேன்.)

போகவிட்டார்கள். நாங்களும் போனோம், ஒழுங்கை முகப்பு வரைக்கும். அங்கே தார் முடிந்து கடற்கரை மணல் தொடங்குகிறது. நான் பிறந்ததிலிருந்து நடந்த மணல். நாலு சில்லும் ஒருசேரப் புதைந்தன. தள்ளினேன், இன்னும் புதைந்தது. படலையில் நின்று அம்மா பார்த்தார்.

"அலமாரிய என்னத்துக்குகா நடுவழியில நட்டு வச்சிரிக்காய்?"

அயலவர்கள் நாலு பேர் கூட்டைத் தூக்கினார்கள். அடுத்த கிழமை அப்பா கொட்டிலுக்குள் நாலடிக்குச் சீமெந்துத் தரை போட்டார், பெட்டி நிற்பதற்காக. எங்கள் வீட்டுக்குள் அப்போதும் மண் தரைதான். ஓடும்போது தள்ளிக்கொண்டு ஓட வாங்கிய பெட்டி, நாலடிக்குள் போயும் வந்தும் காலம் கழித்தது. ஒவ்வொரு தடவை அது உருளும்போதும் நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மூன்றாம் தடவை ஓட வேண்டி வந்தது பட்டப்பகலில். ஷெல் சத்தம் கிட்ட வர, நான் பெட்டியைத்தான் பார்த்தேன். இதோடு அப்பா எழும்ப மாட்டார், காரணம் நான் என்று நினைத்தேன். அப்பா முழந்தாளிட்டு லாச்சிகளைக் கழற்றத் தொடங்கினார். உள்ளே கிடந்த சாமான்களோடு, அப்படியே. பெரியது அவருடைய தலையில். அம்மாவுக்கு ஒன்று. எனக்கு ஒன்று. "இஞ்ச தாங்க, கூடையெண்டா நமக்குப் பழக்கம்தானே" என்று மீன்கூடைக்கார அக்கா கனமானதாகப் பார்த்து வாங்கிக்கொண்டார். அயல் பெண்கள் மிச்சத்தை எடுத்தார்கள். எட்டுச் சிவப்பு லாச்சி தலைகளின்மேல் வரிசையாக மணலில் ஓடியதை நான் கடைசி ஆளாகப் பின்னாலிருந்து பார்த்தேன். அந்த நிலைமையிலும் அது அழகாக இருந்தது.

முகாமில் அப்பா எண்ணிப் பார்த்தார். ஒரு நட்டும் குறையவில்லை. மறுநாளே முகாமின் தண்ணீர்ப் பம்பைத் திருத்தினார்.

திரும்பி வந்தபோது கூடு சீமெந்தில் அப்படியே நின்றது. சில்லு நாலையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

"நல்லதாப் போச்சு மகள்" என்றார் அப்பா. "இனி உருளாது."

அதன் பிறகு எங்கள் வீட்டில் நான் எதைப் புகழ்ந்தாலும் ஒரே கேள்விதான். புதுச் செருப்பு, கைத்தொலைபேசி, என் ஆசிரியர் நியமனக் கடிதம் உட்பட: "மண்ணுல போகுமா?"

எனக்கு மாப்பிள்ளை பேசியபோதும் கேட்டார்கள். புரோக்கர் அவரைப் பற்றிச் சொன்னதையெல்லாம் நான் உற்சாகமாக ஒப்பித்தேன்: பட்டதாரி, அரசாங்க உத்தியோகம், புது மோட்டார் சைக்கிள். அப்பா சிரித்துக்கொண்டு கொட்டிலுக்குப் போய்விட்டார். சொன்ன நாளில் மாப்பிள்ளை வந்தார். ஒழுங்கை முகப்பில் மோட்டார் சைக்கிள் மணலில் புதைந்தது. நான் யன்னலால் பார்த்தேன். அவர் இறங்கினார். சுற்றிப் பார்க்கவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. சப்பாத்தைக் கழற்றிக் கைபிடியில் கொழுவி, காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டி, வெறுங்காலோடு தள்ளத் தொடங்கினார்.

கொட்டிலுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"மகள், இது போகும் போல இரிக்கி."