தூக்காத கை

அன்று காலையே முடிவெடுத்துவிட்டேன். விருந்துக்குப் போவேன். வயிறு முட்டச் சாப்பிடுவேன். கையை மட்டும் தூக்க மாட்டேன்.

என் மனைவி ஒரு தையல்கூடத்தின் செயலாளர். வேலையில்லாத பெண்கள் அங்கே பழைய துணியில் பை தைத்து விற்கிறார்கள். வரும் லாபத்தில் இன்னும் நாலு பெண்களுக்கு வேலை. 'சமூகத் தொழில்' என்று இதற்குப் பெயர். அதற்கு நிதி திரட்டத்தான் விருந்து. சாப்பாடு நடக்கும்போதே மேடையிலிருந்து, "தையல் மெஷின் வாங்கித் தர்றவங்க கை தூக்குங்க" என்பார்கள். கைக்கு ஒரு மெஷின்.

என்னிடம் இருந்தது போனஸ் பணம். அதில் ஒரு சாய்வு நாற்காலி வாங்கிக் காலை நீட்டிப் படுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் கனவு. அதனால் வலது கைக்கு மணிக்கட்டிலிருந்து முழங்கை தாண்டிக் கட்டுப் போட்டுக்கொண்டேன்.

"என்னங்க இது?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன். கையைத் தூக்கவே முடியல."

"செக்குல கையெழுத்து?"

"அதுவும் முடியாது!"

கையில் கட்டு, வாயில் கதை. இரண்டும் சேர்ந்தால் கட்டுக்கதை.

"பாவம்" என்றாள். அது இரக்கமா, நான் செய்கிற பாவமா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மண்டபத்தில் பட்டுகளும் கோட்டுகளும் வறுமையைப் பற்றி வருத்தப்பட்டுக்கொண்டே மூன்றாவது தட்டை நிரப்பிக்கொண்டிருந்தன. மேஜைக்கு மேஜை அந்தப் பெண்கள் தைத்த பை. தைத்தவர்களுக்குத்தான் மேஜை இல்லை. பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

நானும் தட்டை இழுத்தேன்.

"கட்டுப் போட்ட கையால எப்படிச் சாப்பிடுவீங்க? அடிபட்ட உடம்புக்குக் காரமும் ஆகாது."

என்ற மனைவி, அத்தனை பேர் முன்னால் வெறும் சூப்பை ஸ்பூனால் ஊட்டிவிட்டாள். என் ஐஸ்கிரீமை அவளே சாப்பிட்டாள். மானமும் போச்சு, சாப்பாடும் போச்சு. நாற்காலியாவது மிஞ்சட்டும் என்று பொறுத்துக்கொண்டேன்.

தலைவரம்மா மைக்கைப் பிடித்தார். கைகள் உயர்ந்தன. வீட்டில் தினமும் கைகட்டி நிற்பவன்தான் நான். கைகட்டி ஆதாயம் பார்த்தது அன்றுதான்.

அப்போது மனைவி, கண்ணாடி போட்ட ஒரு பெரியவரை அழைத்து வந்தாள். கையில் தோல் பெட்டி.

"இவருக்கு இதெல்லாம் அத்துப்படிங்க. கையைக் காட்டுங்க."

அவர் என் முழங்கையை அமுக்கினார். உதட்டைப் பிதுக்கினார்.

"இறுகிப்போச்சும்மா. கழட்டித்தான் மாட்டணும்."

"கழட்டியா?" என்றேன்.

"ஒரு ஸ்க்ரூ போட்டு முடுக்கிட்டா பத்து வருஷம் ஓடும். இங்கயே முடிச்சிடலாம்."

பெட்டியைத் திறந்தார். ஸ்க்ரூ டிரைவர் மின்னியது.

கட்டைப் பிய்த்து எறிந்தேன். "ஐயோ, எனக்கு ஒண்ணுமே இல்ல! பாருங்க!" என்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினேன்.

"ரெண்டு கை! ரெண்டு மெஷின்!" என்று மைக் அலறியது. மண்டபமே எழுந்து கைதட்டியது. மனைவி பேனாவை நீட்டினாள். சரியாகிவிட்ட கையால் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து மர ஸ்டூலில் உட்கார்ந்தேன். அழுகையே வந்தது.

"அந்த டாக்டர் நல்லா இருப்பாரா?"

"டாக்டர்னு யார் சொன்னா? அவர் தையல் மெஷின் ரிப்பேர்காரருங்க."

"அடிப்பாவி! எல்லாம் உன் திட்டமா?"

"சீச்சீ! நான் திட்டம் போட்டது ஒரு மெஷினுக்குத்தான். ரெண்டாவது உங்க தாராள மனசுங்க."